சின்னத்திரை: கேள்வி – பதில்

கும்பகோணம் வாசகர்: பழைய சீரியல்கள் முடிந்ததும் வேறு கம்பெனி பெயர் வருமே, சேனல்கள் சொந்தமாக எடுக்கவில்லையா?

பெரும்பாலும் இல்லை. சன் டி.வி. 1993-ல் வந்த பிறகு தமிழில் வலுப்பெற்றது ‘ஸ்லாட்’ முறை. அந்த நாட்களில் ஏவி.எம்., ராடான், விகடன் டெலிவிஸ்டாஸ் போன்ற தயாரிப்பு நிறுவனங்கள் அரை மணி நேரத்துக்குச் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டும். பதிலுக்குச் சில நிமிட விளம்பர நேரம் கிடைக்கும். அதைப் பத்து வினாடித் துண்டுகளாக விற்று, கட்டணத்தையும் படப்பிடிப்புச் செலவையும் எடுக்க வேண்டும். உதாரணமாக, மூன்று நிமிடம் கிடைத்தால் 18 துண்டுகள். பத்துதான் விற்றது என்றால் மீதி எட்டின் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில். சேனலுக்குக் கட்டணம் வந்துவிடும்.

செய்தி, பாட்டு நிகழ்ச்சி, பண்டிகைப் பட்டிமன்றம் ஆகியவற்றைச் சேனலே எடுத்தது. ஒரே அரங்கு, ஒரே நாளில் பல பகுதிகள் என்பதால் செலவு குறைவு. மூன்றாவது வழி, எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனல் பணம் கொடுத்து எடுக்கச் சொல்வது. அப்போது விளம்பர வருமானமும் உரிமையும் சேனலுக்கு. ஸ்லாட் முறையில் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே நிற்கும். பழைய தொடர்கள் சிலவற்றை இன்று தயாரிப்பு நிறுவனங்களே யூடியூபில் ஏற்றுவது அதனால்தான். நல்ல தொடர்கள் அழியாமல் கிடைத்ததற்கு இந்த ஒரு ஷரத்து செய்த உதவி பெரிது.

தஞ்சாவூர் வாசகர்: ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திடீரென்று ஆளை மாற்றுகிறார்களே, ஏன்?

நடிகர்களுக்கு நாள் கணக்கில் கால்ஷீட். ஒருவரே இரண்டு மூன்று தொடர்களில் இருப்பார். தினசரித் தொடருக்குக் கையிருப்பு எபிசோடுகள் குறைந்துவிட்டால் அவருக்காகக் காத்திருக்க முடியாது. முதலில் பழைய காட்சிகளை ‘ஃபிளாஷ்பேக்’ ஆக்கி ஓட்டுவார்கள். போனில் பேசும் காட்சி சேர்ப்பார்கள். அதுவும் தீர்ந்தால் ஆள் மாற்றம்தான்.

திருவாரூர் வாசகர்: ஆழித்தேரோட்டத்தை இரண்டு கேமராவில் எடுத்து உள்ளூர் கேபிள் சேனலுக்குக் கொடுக்க இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சத்தம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கேமராவின் ஆட்டோ ஒலி அளவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தவிலின் ஒவ்வொரு அடிக்கும் அளவு தானே இறங்கி, நாகஸ்வரம் அமுங்கிப் போகும். கேமராவின் ஒலி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். ஒரு கேமராவின் ஒலியை மட்டும் அறுபடாமல் அடியில் ஓடவிட்டு, அதன்மேல் இரண்டு கேமராப் படங்களையும் வெட்டி ஒட்டுங்கள். படத்தோடு ஒலியையும் வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் ராகம் தாவும், கேட்கச் சகிக்காது.

இரண்டு கேமராவிலும் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி, ஒரே வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்). நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு ஷட்டர் வைத்தால் சீரியல் விளக்குகள் படத்தில் துடிக்கலாம். ஒரு கேமரா தேர் திரும்பும் முனையில், மாடியில் அசையாமல் நிற்கட்டும். திருப்ப நேரம் பிடிக்கும், ஆகவே கார்டில் இடமும் மாற்று பேட்டரியும் முன்பே தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் வடத்துக்கு உள்பக்கம் யாரும் போகவே கூடாது. கோயில் செயல் அலுவலரிடம் எழுத்து அனுமதி வாங்குங்கள். டிரோன் என்றால் காவல்துறையிடமும்.

அரை மணி நிகழ்ச்சிக்கு 22 முதல் 24 நிமிடம் போதும். மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும் இடங்களை விட்டுவிடுங்கள், உரிமைச் சிக்கல் வரும். எழுத்து ஏதும் இல்லாத ஒரு பிரதியும் சேர்த்துக் கொடுங்கள். அடியில் விளம்பரப் பட்டை போட அவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கேபிள் நிறுவனங்கள் நடத்தும் இத்தகைய சேனலுக்கு 2022 நெறிமுறைப்படி மத்திய அரசிடம் பதிவு வேண்டும். பதிவுக் கட்டணம் ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய். பதிவு உண்டா என்று கேட்டுவிட்டு, எத்தனை முறை ஒளிபரப்பலாம், யூடியூப் உரிமை யாருக்கு என்ற இரண்டையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மூலப் பிரதியைக் கொடுங்கள்.