மறுமொழி: கோலா வாழிடம் குறித்த மனு ஏன் எடுபடவில்லை?

குடியிருப்புத் திட்டம் பற்றிய அடுத்த கருத்துரையில் எதிர்ப்பைவிட இடத்தை எழுதுங்கள்: எந்த மரத்தில், எந்தச் சாலையோரத்தில், எந்த நாளில் கோலாவை (யூகலிப்டஸ் மரங்களில் வாழும் ஆஸ்திரேலிய விலங்கு) கண்டீர்கள் என்பதையும், அதனால் திட்ட வரைபடத்தில் எந்தக் கோடு மாற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பல்டவுன் அருகே வரும் குடியிருப்புக்கு எதிராகப் பலர் கையெழுத்திட்டும் எதுவும் மாறவில்லை என்கிறீர்கள். நில வகைப்பாட்டை மாற்றும் கட்டம் முடிந்தபின் மனு போயிருக்கலாம் என்பதே என் ஊகம். கட்டட விண்ணப்பக் கட்டத்தில் பெரும்பாலும் வேலி, வாகன வேகம், நாய் வளர்ப்பு, விட்டுவைக்கும் மரங்கள் போன்ற நிபந்தனைகளைப் பற்றியே பேச இடமிருக்கும். அதுவும் சிறிதன்று, ஆப்பின் சாலையில் அடிபட்டு இறக்கும் கோலாக்களை அப்பகுதி மக்கள் நன்கறிவார்கள்.

முதலில், 2020இல் ஒப்புதல் பெற்ற கேம்பல்டவுன் கோலா மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தில் அந்நிலம் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். பிறகு, பொதுவழியிலிருந்து எட்டக்கூடிய சாம்பல் கம் மரங்களின் (கோலாக்கள் இலை தின்னும் ஒருவகை யூகலிப்டஸ்) அடியில் கோலாவின் புழுக்கைகளைத் தேடி, அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படமெடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: போசம் என்னும் மரவாழ் விலங்கின் புழுக்கையைக் கோலாவினுடையதாக எண்ணிவிட வாய்ப்புண்டு, ஆகவே அறிந்தவரிடம் காட்டிய பின்னரே படத்தைக் கருத்துரையுடன் இணையுங்கள். 2022 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் கோலாக்கள் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், அந்த அறிவிப்பு மட்டுமே கட்டுமானத்தை நிறுத்திவிடாது.