தோற்ற பிறகு எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அண்மையில் விளையாடிய கேம்களைப் பற்றிய குறிப்பில் ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’கை மனமாரப் பாராட்டியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கதாநாயகி ஹார்னெட்டின் வேகம், இசை, அந்தப் பூச்சிகளின் உலகம் எல்லாமே பிடித்திருந்தது. ஆனால் லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸிடம், அந்த வழியை அடைத்து நிற்கும் பெரிய எதிரியிடம், வந்து அப்படியே நின்றுவிட்டேன். வேலையெல்லாம் முடிந்து இரவில் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் பாதி, செத்த பிறகு மறுபடி அங்கே போய்ச் சேர்வதிலேயே கழிகிறது. இப்போது கன்ட்ரோலரைத் தொடவே மனம் வரவில்லை.

கடினமான கேம்கள் நேரம் நிறைய இருப்பவர்களுக்கு மட்டும்தானா? எளிய நிலைக்கு மாற்றி ஆடினால் அது ஆடியதில் சேர்த்தியே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதை விட்டுவிட்டு வேறு எதை ஆடலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

சில்க்சாங்கை இப்போதும் அதே அளவுக்குப் பாராட்டுவேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று அந்தச் சண்டையின் கடுமை. இன்னொன்று, தோற்றதற்காக கேம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரம். முதலாவது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாவது இல்லாமலே இந்த கேம் இதே அளவு சிறப்பாக இருந்திருக்கும்.

சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஹார்னெட்டுக்கு ஐந்து முகமூடிகள்தான் உயிர். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பறித்துவிடுவார்கள், ஆக மூன்றாவது அடியில் கதை முடிந்தது. கொடூரம் என்று தோன்றும். ஆனால் உயிரைத் திரும்பப் பெறும் முறையைப் பாருங்கள். 2017இல் வந்த முதல் கேமான ‘ஹாலோ நைட்’டில் தரையில் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு முகமூடியாக மீட்க வேண்டும். இதில் எதிரிகளை அடித்துச் சேர்க்கும் நூலை மொத்தமாகச் செலவழித்தால் மூன்று முகமூடிகள் ஒரே நேரத்தில் திரும்புகின்றன, அதுவும் காற்றில் இருக்கும்போதே. அதே நூல்தான் சிறப்புத் தாக்குதல்களுக்கும் வேண்டும். எனவே ஒவ்வொரு நொடியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: இதை இப்போது அடிக்கச் செலவிடுவதா, உயிருக்காகச் சேர்த்து வைப்பதா? நம் கை வேகமாவதற்கு முன்பே இந்தக் கணக்கு நமக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்த இரவில்தான் இந்த கேம் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது.

செத்த பிறகு விட்டுச்செல்லும் கூட்டையும் பலர் கவனிப்பதில்லை. அதை உடைத்தால் இழந்த ரோசரிகள், அதாவது அந்த உலகத்துக் காசுகள், கிடைப்பதோடு நூலும் நிரம்பும். கூடு பாஸ் சண்டை நடக்கும் இடத்திலேயே கிடந்தால் உள்ளே போனதும் உடைக்காதீர்கள். அடி வாங்கி, நூலும் தீர்ந்த நேரத்தில் உடையுங்கள். அது கூடுதலாக ஒரு உயிர் மாதிரி.

சரி, அந்த ஓட்டத்துக்கு வருகிறேன். லாஸ்ட் ஜட்ஜிடம் போகும் வழியான பிளாஸ்டட் ஸ்டெப்ஸை முதல் தடவை கடக்கும்போது அது அழகான இடம். காற்று, மணல், எங்கே கால் வைப்பது என்ற பதற்றம். பழகிய பிறகு அந்த வழியில் கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. மணலுக்குள்ளிருந்து பாயும் சாண்ட்கார்வர்களின் அடி அதிகம் என்று கேமை உருவாக்கிய டீம் செர்ரிக்கே தோன்றியிருக்க வேண்டும், 2025 செப்டம்பரில் கேம் வெளியான கொஞ்ச நாளிலேயே வந்த முதல் பேட்சில் (திருத்தத்தில்) அதைக் குறைத்தார்கள். தூரத்தை மட்டும் தொடவில்லை. இப்படி ஓடுவதுதான் வெற்றிக்கு மதிப்புத் தருகிறது என்று சிலர் வாதாடுவதை நான் ஏற்கவில்லை. ‘எல்டன் ரிங்’ 2022இல் வந்தபோது பல பாஸ்களின் வாசலுக்குப் பக்கத்திலேயே மரிக்கா சிலையை நட்டு வைத்தார்கள். செத்தால் அங்கேயே எழுந்து உள்ளே போய்விடலாம். எல்டன் ரிங்கை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு கேமான ‘டார்க் சோல்ஸ்’ ஆடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். அதனால் எல்டன் ரிங் சுலபமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அதன் ஆரம்பத்திலேயே வரும் பாஸ் மார்கிட்டிடம் கேட்டால் தெரியும்!

ஒரு மணி நேரம் மட்டும் இருப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். கடினமான கேம் உங்களுக்கும் உரியதுதான். உங்கள் ஒரு மணி நேரத்தில் கற்கும் நேரம் எவ்வளவு, காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து, எளிய நிலை. உங்கள் நண்பர்களுடன் நான் உறுதியாக முரண்படுகிறேன். ‘கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ ஆடிப் பாருங்கள். பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் 2025 ஏப்ரலில் வெளியிட்ட முதல் கேம் அது. முறை வைத்து அடித்துக்கொள்ளும் பழைய பாணிதான், ஆனால் எதிரியின் முறையில் நாம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அடி விழும் நொடியில் டாட்ஜ் செய்து விலகலாம், அல்லது இன்னும் நுட்பமாக நேரம் பார்த்து பேரி செய்யலாம், அதாவது அடியைத் தடுத்துத் தட்டிவிடலாம். தொடர்ந்து வரும் அடிகள் அத்தனையையும் பேரி செய்தால் பதிலடி ஒன்று விழும் பாருங்கள், அதன் சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி முயன்றேன். எதிரிகள் ஓங்கிய கையை நிறுத்தி ஏமாற்றுவார்கள். கண்ணை நம்பியதைவிடக் காதை நம்பியபோது எனக்கு நன்றாக வந்தது.

அதில் மூன்று நிலைகள் உண்டு, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நம் தாக்குதல்களுக்கான பட்டன் நேரத்தைத் தானாகவே பார்த்துக்கொள்ளும்படியும் வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு எண் எழுதப்படுகிறது, அந்த வயதினர் எல்லோரும் மறைந்துபோகிறார்கள், அடுத்த ஆண்டு எண் ஒன்று குறைகிறது. இப்படி ஆரம்பிக்கும் கதையை, பேரி சரியாக வரவில்லை என்பதற்காக ஒருவர் பாதியில் விட்டால் இழப்பு அவருக்குத்தான். ‘செலஸ்ட்’ 2018லேயே இதைச் செய்தது. அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே கூட ஆடலாம். அந்த கேமின் கடினமான கட்டங்களை விரும்புகிறவர்களுக்கு அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. யார் எந்த நிலையில் ஆடினார் என்பது அடுத்தவர் தீர்ப்பு சொல்லும் விஷயமே இல்லை.

உங்களிடம் பிளேஸ்டேஷன் 5 இருந்தால் உடனே ‘ஆஸ்ட்ரோ பாட்’ ஆரம்பியுங்கள். 2024க்கான ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது. ஒரே அடியில் செத்துவிடுவீர்கள், ஆனால் உடனே பக்கத்திலேயே எழுந்துவிடுவீர்கள், உயிர்களுக்கு எண்ணிக்கையும் இல்லை. ஒரு கட்டத்தை ஓர் இரவில் முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். உலோகத்தின் மேல் நடப்பதும் மணலில் நடப்பதும் மழை விழுவதும் கன்ட்ரோலர் வழியே உள்ளங்கையில் வேறுவேறாகத் தெரிகின்றன. ஸ்விட்ச் 2 இருந்தால் ‘டாங்கி காங் பனான்ஸா’. சவால் குறைவு, ஆனால் தரையையும் சுவரையும் உடைத்துக்கொண்டே போவதில் நாள் முழுக்கச் சேர்ந்த அலுப்பு போய்விடுகிறது.

அப்புறம், சில்க்சாங்கை அழித்துவிடாதீர்கள். கீழ்நோக்கிய அடி சாய்வாக விழுவது கைக்கு ஒத்துவரவில்லை என்றால் அடிக்கும் பாணியையே மாற்றும் வாண்டரர் க்ரெஸ்டைத் தேடி எடுங்கள், அதில் அடி நேராக விழும். லாஸ்ட் ஜட்ஜை ஜெயித்தால்தான் அடுத்த பெரிய பகுதியான சிட்டாடலுக்குள் போகலாம் என்பதும் இல்லை. கிரேமோரிலிருந்து சின்னர்ஸ் ரோட்டுக்குள் இறங்குங்கள், அங்கிருந்து மூடுபனி வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. அங்கே காத்திருக்கும் சண்டை இந்த கேமிலேயே எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லமாட்டேன். இல்லை, ஜட்ஜைத்தான் ஜெயிப்பேன் என்று திரும்பிப் போனால், அது கடைசியாகச் சாயும்போது பக்கத்தில் நிற்காதீர்கள், வெடிக்கும்.