தோட்டப்புறத்திலேயே வளர்ந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றைப் படைக்கும் ஆற்றல் வருமா?

சிறிய தோட்டப்பட்டணத்தில் வளர்ந்ததாகவும், பக்கத்தில் ஓவியப் பள்ளியோ வடிவமைப்புக் கல்லூரியோ இல்லை என்றும், கோலாலம்பூருக்குப் போனால்தான் படைப்பாற்றல் வளருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஜொகூரில், குளுவாங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டமொன்றில் பிறந்தவள். இன்றைக்கு அதே வட்டாரத்தில் காவடி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். படிக்கப் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள், ஆனால் இதற்காகப் போக வேண்டியதில்லை. என் மாமாவைப் பார்த்து வளர்ந்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மாமா செம்பனை ஆலையில் ஃபிட்டர். வருடத்தில் பத்து மாதம் இயந்திரம், இரண்டு மாதம் காவடி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத் திருவிழாவுக்கும் தோட்டத்துப் பையன்கள் அவரிடம்தான் வருவார்கள். அந்தக் காலக் காவடிக்கு மரப்பலகையும் இரும்புப் பட்டையும்தான். பார்க்க லட்சணமாக இருக்கும், தூக்கியவனுக்குத்தான் தெரியும் கனம். ஒரு வருடம் காவடி எடுத்த அண்ணன் ஒருவருக்கு மறுநாள் கையைத் தலைக்கு மேலே தூக்கவே முடியவில்லை. மாமா அவர் வீட்டுக்குப் போனார். பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போடச் சொல்லி, கையில் கரித்துண்டைக் கொடுத்து, "எங்கெங்க அழுத்துச்சோ அங்க எல்லாம் கோடு போடு" என்றார். முதுகுப் பக்கம் எட்டாத இடத்தில் அந்த அண்ணனின் தம்பி போட்டுவிட்டான்.

அந்தச் சட்டையை மாமா பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தோளின் மேல்பக்கத்தில் கறுப்பாக இரண்டு கோடு, கழுத்தடியில் ஒரு பெரிய திட்டு, இடுப்பில் ஒன்றுமே இல்லை. பாரம் முழுக்கத் தோளில் நிற்கிறது, பாரம் தாங்கக்கூடிய இடுப்பு சும்மா இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இடுப்புப் பட்டையில் பாரத்தை இறக்கும் சட்டத்தை அவர் யோசித்தார். வேறு ஊர்களில் வேறு யாரோ முன்பே செய்திருக்கலாம். அவர் அதைப் பார்த்ததில்லை, சட்டையைத்தான் பார்த்தார்.

அடுத்தது கனம். உயர்ந்த மரத்தில் செம்பனைக் குலை அறுக்க நீளமான அலுமினியக் கம்பம் இருக்கிறது இல்லையா, நுனியில் அரிவாள் கட்டியது. அடிபட்டு நெளிந்த கம்பங்களைத் தோட்டத்துக் கிடங்கில் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். மாமா கேட்டு வாங்கி வந்து, நெளியாத பகுதியை மட்டும் அறுத்து எடுத்தார். ஆனால் அவரிடம் இருந்த வெல்டிங் செட் அலுமினியத்தில் பிடிக்கவில்லை. காரணம் எனக்குப் பாலிடெக்னிக்கில்தான் புரிந்தது. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். தோல் உடைவதற்குள் உள்ளே இருக்கும் உலோகம் ஒழுகி ஓட்டையாகிவிடுகிறது. அதற்கென்று ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் வெல்டிங் உண்டு, அன்றைக்கு எங்களுக்கு அது எட்டாத விலை.

சரி, ஒட்டாவிட்டால் என்ன, திருகாணி போடுவோம் என்றார் மாமா. குழாயில் ஓட்டை போட்டு இறுக்கினால் குழாய் நசுங்கியது. உள்ளே மரக்கட்டை ஒன்றைச் செதுக்கி நுழைத்துவிட்டு இறுக்கினார், நின்றது. முழுக்கத் திருகாணியில் நின்றதால் காவடியை அக்கக்காகக் கழற்ற முடிந்தது. அதுவரை லாரியில் நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு போனதை, வேனின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். குலை அறுக்கும் கம்பத்தில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளாம்ப் இருக்குமே, அதையும் அவர் விடவில்லை. ஒரே காவடியைக் குட்டையானவரும் நெட்டையானவரும் அவரவர் உயரத்துக்கு வைத்து எடுக்க முடிந்தது. வெல்டிங் பிடித்திருந்தால் இது எதுவும் வந்திருக்காது. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாமா போய்க் கேட்டார். என் பாட்டியை யாரும் கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் தயக்கம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

1970களில் பாட்டிக்குப் பூவுக்கு மகரந்தம் ஊதும் வேலை. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மலாயாவில் 1917-இல் வணிகத்துக்காக நட ஆரம்பித்தார்கள். மரம் வந்ததே தவிர, அங்கே அதன் பூக்களில் வாழும் வண்டு அதோடு சேர்ந்து வரவில்லை. ஒரு மரத்திலேயே ஆண் பூக்கொத்தும் பெண் பூக்கொத்தும் வேறு வேறு சமயத்தில் வருவதால், மகரந்தத்தை யாராவது ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெண் பூ விரிந்து இரண்டு மூன்று நாளுக்குள் ஊதியாக வேண்டும், இல்லாவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது. அதனால் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய் ஊதினார்கள், பெரும்பாலும் பெண்கள். பாட்டி சொல்வாள்: "ஆம்பளப் பூ விரிஞ்சா சோம்பு வாசம் அடிக்கும். பொம்பளப் பூவுலயும் லேசா அதே வாசம்தான்."

செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை பார்த்துவிட்டு போர்னியோவில் இருக்கும் சபா மாநிலத்துக்கு வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகிக்கு அதில் சந்தேகம் இருந்தது. அங்கே யாரும் ஊதாமலே காய்க்கிற மரம் இங்கே ஏன் காய்க்கவில்லை? அவர் விடாமல் கேட்டதன் பலனாக, பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் 1970களின் கடைசியில் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். நான்கு மில்லிமீட்டர் அளவுகூட வராத ஒரு கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். வண்டு முட்டையிட்டுப் பெருகுவது ஆண் பூவில். அதே வாசம் பெண் பூவிலும் வருவதால் ஏமாந்து அங்கேயும் போகிறது, போகும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு வருகிறது. வேறு பயிர்களை அது தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் முதன்முதலாக இந்தக் குளுவாங் வட்டாரத்தில்தான் அதை விட்டார்கள். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவியது. ஊதும் வேலை முடிந்தது, பாட்டி உதிரிப் பழம் பொறுக்கப் போனாள்.

பாட்டிதான் வண்டைக் கண்டுபிடித்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வண்டைப் பற்றித் தெரியாது. ஆனால் அந்த வாசம் தெரியும், இரண்டு பூவிலும் ஒரே வாசம் என்பதும் தெரியும். புதிரின் ஒரு துண்டு தினமும் அவள் மூக்கு நுனியில் இருந்தது. நம் ஊரில் அப்படி எத்தனை பேர் கையில் எத்தனை துண்டுகள் கிடக்கின்றன என்று யோசித்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். பட்டறையை எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, கணினியில் வரைந்து லேசரில் வெட்டிய அக்ரிலிக் பலகைகளைக் காவடியில் பொருத்தினேன். மயில் தோகை, கூர்கூரான மூலைகளோடு. திரையில் அவ்வளவு அழகு. ஊர்வலத்தில் பாதி வழியில் உள்மூலை ஒவ்வொன்றிலிருந்தும் விரிசல் ஓட ஆரம்பித்தது. கூரான உள்மூலையில்தான் இழுவிசை போய்க் குவியும், அக்ரிலிக் வளைந்து கொடுக்காமல் விரிந்துவிடும். நான் அழாத குறை. மாமா கை டிரில்லை எடுத்து, விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே சின்னதாக வட்ட ஓட்டை போட்டார். விரிசல் அதோடு நின்றது. "ஆலையில இரும்புத் தகடு விரிஞ்சா இதத்தானம்மா செய்வோம்" என்றார். அதற்குப் பிறகு நான் வரையும் எந்தத் தோகையிலும் உள்மூலையை உருண்டையாகத்தான் விடுகிறேன். அந்த வளைவுக்காகவே எங்கள் காவடி நன்றாக இருக்கிறது என்று இப்போது வந்து கேட்கிறார்கள்.

நீங்கள் எங்கே ஆரம்பிப்பது? வீட்டில் யாராவது ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்து உடம்பு நோகிறது என்று சொல்வார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைத் தூக்கும்போது என்று கேளுங்கள். எழுதி வையுங்கள், முடிந்தால் வரைந்து வையுங்கள். அப்புறம் கையில் கிடைக்கும் பொருளை வைத்து ஒன்று செய்து அவர்களிடமே கொடுங்கள். முதலில் செய்வது அநேகமாக உடையும். எங்கே உடைந்தது என்று பாருங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓவியமும் மென்பொருளும் இதன் நடுவில் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம், நான் அப்படித்தான் கற்றேன்.

இந்த வாரம் என் மேசையில் இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்று மோட்டார் சைக்கிள் சீட்டிலிருந்து அறுத்தது, இன்னொன்று கடையில் வாங்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மகனுக்காக நேர்ந்துகொண்டு முதல் தடவையாகக் காவடி எடுக்கப் போகிறார், கழுத்தெலும்பில் பழைய முறிவு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைச் சட்டையும் கரித்துண்டும் எடுத்து வைத்துவிட்டேன்.