எலும்பு ஏன் கிடைக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

உங்கள் புதிய நாவலை ஒரே மூச்சில் படித்தேன். கொலை செய்தது யார் என்று மூன்றாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் இருபது வருஷம் கழித்து அவரே ஸ்டேஷனுக்குப் போய் ஒப்புக்கொண்டும் ஒன்றும் ஆகவில்லை. கரையில் புதைத்த எலும்பு கிடைத்ததாக எழுதியிருக்கலாமே? குற்றவாளியைத் தப்பவிட்டது ஏன்? அந்த ஊர் காசிமேடுதானா?

ம., திருவொற்றியூர்

அன்புள்ள ம.,

திருவொற்றியூர்க்காரர் நீங்களே எலும்பைக் கேட்கிறீர்களே! நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்ததும் அது தெற்கே தேங்கி மெரினா அகலமானது. மணல் வராத ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரிக்கத் தொடங்கியது. கருங்கல் கொட்டுவதற்குள் வீடுகளே போன குப்பங்கள் உண்டு. நாவலில் பிணத்தைப் புதைத்த இடத்தில் இப்போது தண்ணீர்தான் இருக்கும்.

அப்புறம் சட்டம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஒரு விலக்கு உண்டு. அவர் சொன்னதை வைத்து ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் சாட்சியமாகும். நம் ஆள் இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய்க் கை நீட்டுகிற இடத்தில் அலை அடிக்கிறது. நாவலே எனக்கு அந்த இடத்திலிருந்துதான் பிறந்தது. தப்பவிட்டேன் என்கிறீர்கள், மாட்டிக்கொள்ள வழியில்லாமல் தவிக்கிறார் மனுஷர்.

மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால் செல்லுமே என்பீர்கள். அங்கேயும் போகிறாரே! ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படும் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்தாக வேண்டும். யோசிக்க அவகாசமும் கொடுக்கிறார். கைதாகாததால் வீட்டுக்கு வருகிறார். அன்று ராத்திரி ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். மண்வெட்டி பிடித்த நாலு பேரும் ஊரில்தான் இருக்கிறார்கள். கொலைத் தடயத்தை மறைத்ததற்கு ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம். காலம் கடந்துவிட்டது என்று வாதாடவும் முடியாது. அதில் ஒருத்தர் இவருடைய சம்பந்தி. "நீ ஒருத்தன் நிம்மதியாத் தூங்கணும்னு எங்க எல்லாரையும் எழுப்பிவிடாத மச்சான்" என்கிறார். அதற்கு மேலும் அவர் கோர்ட் படியேறினால் சினிமாவாகிவிடும். மகள் அந்த வீட்டில் வாழ்கிறாள் இல்லையா?

ஊர் காசிமேடு இல்லை. விடியுமுன்பே மீன் ஏலத்துக்குக் கூட்டம் மொய்க்கிற இடத்தில் யார் பிணத்தைப் புதைக்க முடியும்? எண்ணூருக்குச் சற்றுத் தெற்கே ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.