வாயு குறைந்தால் மலை அடங்கியதா?

கேள்வி: பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை 1991-ல் வெடிக்கும் முன் அதன் கந்தக வாயு குறைந்ததாமே? குறைந்தால் நல்லதுதானே?

பதில்: நிலநடுக்கமும் சேர்ந்து அடங்கியிருந்தால் நல்லதுதான். அங்கே அடங்கவில்லை. மே 13-ல் நாளொன்றுக்குச் சுமார் 500 டன் கந்தக டை ஆக்சைடு வந்தது. மே 28-ல் 5,000 டன். ஜூன் முதல் வாரத்தில் 280 டன்னாகச் சரிந்தது. மாக்மா, அதாவது பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு, மேலேற அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரியும். அது வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அடுப்பு எரியும்போதே குக்கரின் ஆவித்துளை அடைத்துக்கொண்ட நிலை அது. ஜூன் 7-ல் லாவா குமிழ்மேடாகத் தலைகாட்டியது, 12-ல் பெரிய வெடிப்புகள் தொடங்கின, 15-ல் உச்சம்.

இந்த டன் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வாயுப் புகைக்கு அடியில் வண்டியிலோ விமானத்திலோ குறுக்கே கடந்து, சூரியனின் புற ஊதாக் கதிரை வாயு எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பார்கள். அதைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். வேகத்தை இரு மடங்காகத் தவறாக எடுத்தால் டன்னும் இரு மடங்காகிவிடும். நிலத்தடி நீர் வாயுவைக் கரைத்துக்கொண்டாலும் அளவு குறைவாகவே தெரியும். அதனால்தான் நில அதிர்வு, தரைச் சாய்வு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: கூரையில் விழுந்த சாம்பலை மழை கழுவிவிடாதா?

பதில்: கழுவாது, ஊறிக் கனக்கும். 10 செ.மீ. உலர்ந்த சாம்பல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 முதல் 70 கிலோ. நனைந்தால் 100 கிலோவைத் தாண்டும், 200-ஐக்கூட எட்டும். ஜூன் 15 அன்றே யூன்யா புயலும் வந்ததால், பினாட்டுபோ சுற்றுவட்டாரத்தில் பலர் கூரை இடிந்துதான் இறந்தார்கள்.

சில செ.மீ. சேரும்போதே, மழைக்கு முன், வாரிவிடுங்கள். கூரை ஏற்கெனவே தொய்ந்திருந்தால் ஏறவே வேண்டாம். என்-95 முகக்கவசமும் இறுக்கமான கண்ணாடியும் அவசியம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். தூசி பறக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள், ஹோஸ் பிடித்து அடிக்காதீர்கள். மழைநீர்க் குழாயின் வாயை முதலிலேயே அடைத்துவிடுங்கள். உள்ளே போன சாம்பல் இறுகிக் கெட்டியாகிவிடும். சாக்கை அரைவாசிதான் நிரப்ப வேண்டும், நிறைத்தால் தூக்க முடியாது.

கேள்வி: கார் கண்ணாடியில் வைப்பர் போடலாமா?

பதில்: வேண்டாம். எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் அல்ல, பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும். ஒரே இழுப்பில் கீறல் விழும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.