வெள்ளணு: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஸ்வீடனின் எஸ்பியோர்ன் ஸ்வென்சன் ட்ரியோ என்ற மூவர் ஜாஸ் குழு வாசித்த 'லூகோசைட்' ஆல்பத்தை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பியானோ வாசித்த ஸ்வென்சன் 2008 ஜூனில் ஸ்கூபா டைவிங் செய்தபோது இறந்தார், ஆல்பம் செப்டம்பரில் வந்தது என்று படித்தேன். அதிலிருந்து வேறு நினைப்பே வருவதில்லை. 'முன்னுணர்வு' என்று பொருள்படும் தலைப்பு ஒன்று, 'மரணத்தை நோக்கி' என்று பொருள்படும் 'ஆட் மார்ட்டெம்' இன்னொன்று. அவருக்கு முன்பே ஏதாவது தெரிந்திருக்குமோ?

கே.

அன்புள்ள கே.,

தெரிந்திருக்காது. அப்படிக் கேட்டால் அந்த மூவரும் செய்த வேலை நம் காதில் விழாமலே போய்விடும் என்பதுதான் என் வருத்தம்.

'லூகோசைட்' பதிவானது 2007 ஜனவரியில், சிட்னியில், ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவே. விபத்து நடந்தது அதற்குப் பதினேழு மாதம் கழித்து. தலைப்பை வைத்துப் பார்ப்பதென்றால் 2005இல் வந்த 'வியாட்டிகம்' இருக்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கும் நற்கருணை அது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் 'வழியுணவு' என்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் மூன்று வருடம் ஊர் ஊராக வாசித்தார்கள். லூகோசைட் என்பதும் ரத்தத்தின் வெள்ளணு, உடம்பைக் காப்பது.

தயவுசெய்து முதலில் 'லைவ் இன் ஹாம்பர்க்' கேளுங்கள். 2006 நவம்பரில் நடந்த கச்சேரி, சிட்னிக்கு இரண்டே மாதம் முன்பு. 1993இல் தொடங்கிய குழு அப்போது உச்சத்தில் இருந்தது. 2006 மே மாதம்தான் அமெரிக்காவின் டவுன்பீட் இதழ் முதல்முறையாக ஓர் ஐரோப்பிய ஜாஸ் குழுவை அட்டையில் போட்டிருந்தது. ஸ்வென்சனும் டிரம்ஸ் வாசிக்கும் மாக்னுஸ் ஓஸ்ட்ரோமும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். ஒருவர் எங்கே மூச்சு விடுவார் என்று மற்றவருக்குத் தெரிகிறது. டான் பெர்க்லுண்ட் டபுள் பாஸை வில்லால் இழுத்து, ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனில் விடும்போது ராக் கிட்டார் மாதிரி உறுமும். அந்த உறுமலுக்கு நடுவிலும் பியானோவின் மெட்டு மெழுகுவர்த்திச் சுடர் போல அணையாமல் நிற்கும். ஒலிப்பொறியாளர் ஓகே லின்டனை நான்காவது கலைஞர் என்று பலர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனையும் கைவசம் இருக்கும்போதுதான் சிட்னியில் எழுதிவைத்த பாட்டு எதுவும் இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். இரண்டு நாள், முழுக்க மனோதர்மம். கூட்டம் கேட்டுக் கேட்டு வாங்கிய மெட்டுகளை வெளியே விட்டுவிட்டுப் போகும் துணிச்சலைத்தான் நான் 'லூகோசைட்'டில் கேட்கிறேன். நீங்கள் சொன்ன 'முன்னுணர்வு'வின் முதல் பகுதி பதினேழு நிமிடம் ஓடுகிறது. அதில் யாரும் அவசரப்படுவதில்லை. அடுத்தது என்ன என்று மூவரும் காத்திருந்து கேட்கிறார்கள். அதே அமர்வின் மிச்சம் 2012இல் '301' என்று வந்தது. அதையும் விடாதீர்கள்.

பழையவற்றில் 1999இன் 'ஃப்ரம் ககாரின்ஸ் பாயின்ட் ஆஃப் வியூ' போதும். தலைப்புப் பாட்டை இரவில் கேளுங்கள்.

மரணத்துக்கு மிக அருகில் அவர் வாசித்தது வேண்டுமென்றால், 2022இல் வந்த 'ஹோம்.எஸ்.' இருக்கிறது. 2008இல் வீட்டில் தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்ததை மனைவி பின்னாளில் கண்டெடுத்தார். ஒன்பது பாட்டு. ஸ்வென்சன் பெயர் வைக்காமல் போனதால் ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளே தலைப்பு. பெயரே இல்லாத அந்த ஒன்பதையும் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.