கணினி கேள்வி–பதில்: டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பழைய கல்யாணக் கேசட்டுகளை டிவிடி ஆக்கித் தரும் கேப்சர் கார்டு விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடுகிறது. கொஞ்ச நாளாக ஃபைல் காப்பி ஆகும்போது மவுஸ்கூட நகர மறுக்கிறது, படம் விட்டு விட்டுப் பதிவாகிறது. டிவைஸ் மேனேஜரில் 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்றுதான் வைத்திருக்கிறேன். ஆனால் கீழே 'பிஐஓ மோட்' என்றே காட்டுகிறது. சர்வீஸ் செய்யும் தம்பி டிஸ்க்கையே மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பிஐஓ முறையில் டிஸ்க்கிலிருந்து வரும் தகவலை பிராசஸரே இரண்டிரண்டு பைட்டாக எடுத்து மெமரியில் வைக்க வேண்டும். முதலாளியே லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் கல்லாவில் யார் உட்காருவது? உங்கள் மவுஸ் நகராததற்குக் காரணம் அதுதான். டிஎம்ஏ முறையில் கண்ட்ரோலரே நேராக மெமரியில் வைத்துவிடும். வேகத்திலும் பெரிய வித்தியாசம்: பிஐஓ 4-க்கு உச்சமே நொடிக்கு 16.7 எம்பி, அல்ட்ரா டிஎம்ஏ 5-க்கு 100 எம்பி.

நீங்கள் டிஎம்ஏ என்று வைத்தும் எக்ஸ்பி கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. சிஆர்சி பிழையோ (தகவல் வழியில் சிதைந்து வந்தது), டைம்-அவுட்டோ (டிஸ்க் நேரத்துக்குப் பதில் தராதது) மொத்தம் ஆறு சேர்ந்தால், அதன் ஐடிஇ டிரைவர், அதாவது இந்தப் பழைய வகை டிஸ்க்கை இயக்கும் மென்பொருள், வேகத்தை ஒரு படி இறக்கும். பிழை தொடர்ந்தால் படிப்படியாக இறங்கி பிஐஓவில் போய் நிற்கும். இறக்கியதைக் குறித்தும் வைத்துக்கொள்ளும். அதனால் செட்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பழைய கணக்குதான் பேசும். அந்தக் கணக்கைத்தான் அழிக்க வேண்டும்.

ஆனால் பிழை வந்த வழியை முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி இதே கதைதான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளின், எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பைப் போட்டு, சி7 என்ற வரியைப் பாருங்கள்; சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை அது. அது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5 வரிகள் ஏறினால் தம்பி சொன்னது சரி, உடனே பேக்கப் எடுங்கள்.

கேபிள் என்றதும் கண்ணில் பட்டதை வாங்கி மாட்டாதீர்கள். நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போக 80 கம்பி கேபிள் வேண்டும். பழைய 40 கம்பி கேபிளுக்கும் அதே 40 பின் கனெக்டர்தான் என்பதால் ஏமாந்துபோவது சுலபம். கம்பிகள் மெல்லிசாக, நெருக்கமாக இருந்தால் 80. நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), சாம்பல் ஸ்லேவுக்கு (அதே கேபிளில் இரண்டாவது இருந்தால்). நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கரண்டை அணைத்துவிட்டு மாட்டுங்கள்.

பிறகு, அந்தப் பழைய கணக்கை அழிக்க, டிவைஸ் மேனேஜரில் 'ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கண்ட்ரோலர்ஸ்' கீழே அந்த டிஸ்க் இருக்கும் சேனலை (பெரும்பாலும் 'பிரைமரி ஐடிஇ சேனல்') வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். பயப்பட வேண்டாம், ரீஸ்டார்ட் ஆகும்போது எக்ஸ்பி தானே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். சில கணினிகள் இரண்டாவது ரீஸ்டார்ட்டும் கேட்கும். அதன்பின் அதே சேனலின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' தாவலில் 'அல்ட்ரா டிஎம்ஏ' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பயாஸில் (கணினி விண்டோஸுக்கு முன் காட்டும் அமைப்புத் திரை) அந்த சேனலுக்கு டிஎம்ஏ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் புது லேப்டாப்பில் என்விஎம்இ எஸ்எஸ்டி (புதுவகை அதிவேக டிஸ்க்). இந்த டிஎம்ஏ தாவலையே காணோமே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்காது. என்விஎம்இ டிஎம்ஏவில் மட்டும்தான் ஓடும், தேர்வு செய்ய வேறு முறையே கிடையாது. தேடுவதை விடுங்கள்.